தொடங்கக் காத்திருக்கும் வினைகள்: கிளர்வு ஆற்றல் என்ற கருத்து உருவான வரலாறு

முன்னுரை

நாம் இப்போது கையில் வைத்திருக்கும் இந்நூல் தாளால் ஆனது. அதைச் சூழ்ந்துள்ள காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. தாளும் ஆக்சிஜனும் வினைபுரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும், வெப்பமும் வெளிப்படும். ஆற்றல் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்நூல் அச்சகத்தை விட்டு வெளிவருமுன்பே எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. நூலக அடுக்கில் நூல்கள் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. வீட்டு மரக்கதவுகள் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. ஆயினும் ஒரு தீக்குச்சியின் சிறு சுடர் பட்டால் போதும், அதுவரை காத்த அமைதி நொடியில் குலைந்துவிடுகிறது.

அதுவரை எரியாமல் தடுத்தது எது? அந்தச் சுடர் செய்த மாற்றம் என்ன? மனிதர் நெருப்பைக் கையாளத் தொடங்கிய நாள்தொட்டு இவ்வினாக்கள் இருந்திருக்கும். இவற்றுக்கு அளந்து காட்டக்கூடிய விடை கிடைத்ததோ 1889ஆம் ஆண்டில்தான். அந்த விடைக்கு ஆய்வுப் பொருளாக அமைந்தது நெருப்பு அன்று. ஒரு குவளைச் சர்க்கரைக் கரைசல். ‘வினையைத் தொடங்கி வைப்பது எது’ என்று கேட்டுக்கொண்டிருந்த வேதியியல், ‘இந்தக் கணத்தில் எத்தனை மூலக்கூறுகள் வினைபுரியும் தகுதியோடு இருக்கின்றன’ என்று கேட்கத் தொடங்கியதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. அம்மாற்றம் நேர்ந்த வழியைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1820களின் இரு தீமூட்டிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் நெருப்பு மூட்டுவதற்கு எளிய வழி தேடியவர்கள் பலர். அவர்களுள் இருவரின் கண்டுபிடிப்புகளை ஒப்பிட்டால் நம் பொருள் விளங்கும்.

முதலாமவர் ஜெர்மனியின் யேனா நகரப் பேராசிரியர் யோகான் டோபரைனர். 1823இல் அவர், பஞ்சுபோல் நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின்மீது ஹைட்ரஜன் வாயுவைக் காற்றோடு கலக்குமாறு பீய்ச்சினார். தீப்பொறி எதுவும் இல்லாமலே பிளாட்டினம் செஞ்சூடாகி, ஹைட்ரஜன் தீப்பற்றியது. பிளாட்டினமோ செலவாகாமல் அப்படியே இருந்தது. துத்தநாகத்தையும் கந்தக அமிலத்தையும் கொண்டு ஹைட்ரஜனை உண்டாக்கி, அதனைப் பிளாட்டினத்தின்மீது செலுத்தும் விளக்கு ஒன்றை அவர் அமைத்தார். அது வீடுகளில் நெருப்பு மூட்டும் கருவியாகப் பரவியது.

இரண்டாமவர் வட இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகர மருந்து வணிகர் ஜான் வாக்கர். ஆண்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் பிசினும் சேர்ந்த கலவையைக் குச்சி முனையில் தடவி உலர்த்தி, உப்புத்தாளில் உரசினால் அது தீப்பற்றும் என்று அவர் கண்டார். 1827இல் அக்குச்சிகளை விற்கத் தொடங்கினார். இக்காலத் தீக்குச்சிக்கு முன்னோடி அதுவே.

வாக்கரின் குச்சி உரசலால் வெப்பத்தைப் பெற்றுத் தீப்பற்றியது. டோபரைனரின் விளக்கில் வெளியிலிருந்து வெப்பம் ஊட்டுவார் எவருமில்லை. பக்கத்தில் ஓர் உலோகம் இருந்தது, அவ்வளவே. வெப்பமும் ஒரு வினையைத் தொடங்க வைக்கிறது. தான் மாறாத ஓர் உலோகமும் தொடங்க வைக்கிறது. இவ்விரண்டையும் ஒரே விளக்கத்தில் அடக்க அன்று எவராலும் இயலவில்லை. சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் பெர்சிலியஸ் 1835இல் இரண்டாம் வகை நிகழ்வுகளைத் திரட்டி அவற்றுக்கு ஒரு பெயரிட்டார். நாம் இன்று வினையூக்கம் என்பது அதனையே. அவர் அதன் பின்னே தனியொரு விசை இருப்பதாகக் கருதினார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

ஒரே தனிமம், இரு தடைகள்

காரணம் தெரியாத நிலையிலும் தொழில் வளர்ந்தது. 1830களில் தீக்குச்சி முனையில் வெண்பாஸ்பரஸ் சேர்க்கப்பட்டது. வெண்பாஸ்பரஸ் 30 பாகை செல்சியசைச் சற்றே தாண்டினாலே காற்றில் தீப்பற்றும். நம் நாட்டு நண்பகல் வெயிலே அதற்குப் போதும். ஆகவே அதனை நீருக்குள் வைத்தே காப்பர். இலேசாக உரசினாலே பற்றும் குச்சிகள் இதனால் கிடைத்தன. ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. லண்டனின் கிழக்குப் பகுதியில் 1888இல் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் தீப்பெட்டித் தொழிற்சாலையை விட்டு வெளியேறி வேலைநிறுத்தம் செய்தனர். அபராதமும் பணிநீக்கமும் அதன் உடனடிக் காரணங்கள் என்றாலும், பாஸ்பரஸ் நோயின் அச்சமும் அவர்களது குறைகளுள் ஒன்றாக இருந்தது. வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 1906இல் பெர்ன் நகரில் உருவாயிற்று.

மாற்றுவழியோ அதற்கு வெகு முன்பே இருந்தது. வியன்னாவின் அன்டோன் ஷ்ரோட்டர் 1840களில், காற்றுப் படாமல் வெண்பாஸ்பரசைச் சூடாக்கினால் அது செம்பாஸ்பரசாக மாறுவதைக் காட்டினார். இரண்டும் ஒரே தனிமம். எரியும்போது இரண்டும் ஒரே ஆக்சைடையே தருகின்றன; வெளிப்படும் வெப்பத்தின் வேறுபாடு மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. எனினும் செம்பாஸ்பரஸ் தீப்பற்ற ஏறத்தாழ 250 பாகை வேண்டும். வெண்பாஸ்பரசில் நான்கு அணுக்கள் நெருக்கடியான நான்முகி வடிவில் பிணைந்துள்ளன. அப்பிணைப்புகள் எளிதில் நெகிழும். செம்பாஸ்பரசில் அணுக்கள் நீண்ட தொடர்களாகக் கோத்துக்கொண்டுள்ளன. அவற்றைப் பிரிப்பது கடினம். சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில் லுண்ட்ஸ்ட்ரோம் உடன்பிறப்புகள் 1850களில் செம்பாஸ்பரசைக் குச்சியிலிருந்து பிரித்து, பெட்டியின் பக்கவாட்டில் பூசிக் காப்புத் தீக்குச்சியைப் பெருமளவில் செய்தனர்.

இவ்வரலாற்றில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஒரு வினை முடிவில் எவ்வளவு வெப்பம் தரும் என்பது வேறு. அது தொடங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது வேறு. முதலாவதை அறிந்து இரண்டாவதைக் கணிக்க முடியாது. வெண்பாஸ்பரசுக்கும் செம்பாஸ்பரசுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டாவதைச் சார்ந்தது. தொழிலாளர் பலர் தம் உடலால் அவ்வேறுபாட்டை உணர்ந்த காலத்தில், வேதியியலிடம் அதற்கான அளவுகோல் இன்னும் இல்லை.

சர்க்கரைக் கரைசல்

அளவுகோல் வேறோர் இடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. கரும்புச் சர்க்கரையை நீரில் கரைத்துச் சிறிது அமிலம் சேர்த்தால், சர்க்கரை மூலக்கூறு நீருடன் வினைபுரிந்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரியும். அமிலம் செலவாவதில்லை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கரும்புச் சர்க்கரைக் கரைசல் வலப்புறம் திருப்பும்; வினை முடிந்த கரைசலோ இடப்புறம் திருப்பும். ஆகவே ஒளி திரும்பும் கோணத்தை அளந்தாலே எவ்வளவு சர்க்கரை எஞ்சியுள்ளது என்று அறியலாம். கரைசலைத் தொடவோ வினையை நிறுத்தவோ தேவையில்லை.

இவ்வழியைப் பயன்படுத்தி 1850இல் வினைவேகத்தை முறையாக அளந்தவர், ஹைடல்பெர்க்கில் பணியாற்றிய லுட்விக் வில்ஹெல்மி. எந்தக் கணத்திலும் வினையின் வேகம் அக்கணத்தில் எஞ்சியுள்ள சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டு, அதனைக் கணிதச் சமன்பாடாக எழுதினார். சூடு ஏறினால் வேகமும் ஏறுவதைப் பதிவு செய்தார். வேதிவினையின் வேகத்தை வகைக்கெழுச் சமன்பாட்டால் கூறிய முதல் ஆய்வு அதுவே. ஆனால் அக்கட்டுரையை அக்காலத்தவர் பொருட்படுத்தவில்லை. வில்ஹெல்மி 1864இல் மறைந்தார். அதற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தே வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் அக்கட்டுரையை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தார்.

அர்ஹீனியஸின் விடை

1884ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டு நெதர்லாந்து அறிஞர் வாண்ட் ஹாஃப் வேதி இயக்கவியல் பற்றிய தம் நூலை வெளியிட்டு, வெப்பநிலைக்கும் வேதிச் சமநிலைக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக்கி, அதே வடிவம் வினைவேகத்துக்கும் பொருந்தும் என்று காட்டினார். அதே ஆண்டில் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாண்டே அர்ஹீனியஸ் என்ற இளைஞர் மின்பகு கரைசல்கள் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். அதற்கு மிகத் தாழ்ந்த தரமே கிடைத்தது. பல்கலைக்கழகப் பணிக்கான கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. அவ்வாய்வின் மதிப்பை உணர்ந்த ஆஸ்வால்ட், ரீகாவிலிருந்து உப்சாலாவுக்கு நேரில் வந்து அவரைச் சந்தித்தார். அர்ஹீனியஸுக்கு 1903இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது அந்த மின்பகுப்புக் கொள்கையே.

1889இல் அர்ஹீனியஸ் வில்ஹெல்மியின் சர்க்கரை வினையை எடுத்துக்கொண்டார். அவரை உறுத்திய புதிர் இது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் சர்க்கரை வினையின் வேகம் ஏறத்தாழ 12 விழுக்காடு உயர்கிறது. மூலக்கூறுகள் மோதிக்கொள்வதால்தான் வினை நிகழ்கிறது என்றால், அவற்றின் இயக்கமும் அந்த அளவுக்கு விரைவுபட வேண்டும். ஆனால் ஒரு பாகை உயர்வில் மூலக்கூறுகளின் சராசரி வேகம் ஒரு விழுக்காட்டில் ஆறில் ஒரு பங்கே கூடுகிறது. காரணம் இத்துணைச் சிறியது. விளைவு ஏன் இத்துணைப் பெரியது?

அவர் தந்த விடை துணிவானது. கரைசலில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. பெரும்பாலானவை வினைபுரியாத நிலையில் உள்ளன. மிகச் சிலவே கிளர்ச்சியுற்ற நிலையில் உள்ளன. அச்சிலவே வினைபுரிகின்றன. இயல்புநிலை மூலக்கூறு கிளர்ச்சியுற்ற நிலையை அடைய ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. அதுவே கிளர்வு ஆற்றல். வெப்பநிலை உயரும்போது சராசரி சற்றே மாறுகிறது. தகுதி பெற்ற சிறுபான்மையின் எண்ணிக்கையோ பன்மடங்காகிறது.

எண்களைக் கொண்டு இதனைக் காண்போம். ஒரு வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் என்று கொள்வோம். அர்ஹீனியஸ் சமன்பாட்டின் அடுக்குக்குறிப் பகுதியைக் கணக்கிட்டால், 25 பாகையில் ஏறத்தாழ 58 கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற விகிதம் கிடைக்கிறது. 35 பாகையில் அது 30 கோடிக்கு ஒன்று ஆகிறது. இரு நிலைகளிலும் மிகப் பெரும்பான்மை அமைதியாகவே இருக்கிறது. ஆயினும் தகுதியுற்றவை ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன. வினையும் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக நடக்கிறது. சர்க்கரை வினையின் கிளர்வு ஆற்றல் இதைப்போல் இரு மடங்குக்கும் சற்று மிகுதி. ஆகவே அதே பத்துப் பாகை உயர்வில் அதன் வேகம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. தடை உயர உயர, வினை வெப்பநிலைக்குக் காட்டும் உணர்திறனும் உயர்கிறது.

இந்தப் பார்வையில் ‘தொடக்கம்’ என்ற சொல்லே புதுப்பொருள் பெறுகிறது. தாளும் காற்றும் ஒன்றோடொன்று வினைபுரியாமல் இருக்கின்றன என்று கூறுவது முழு உண்மையாகாது. வினை நம் கண்ணுக்குப் புலப்படாத மெதுவான வேகத்தில் நடக்கிறது. தீக்குச்சியின் சுடர் ஒரு சிறு பகுதியில் வெப்பநிலையைப் பல நூறு பாகை உயர்த்துகிறது. அங்கே வேகம் மிகுந்து வெளிப்படும் வெப்பம், அடுத்த பகுதியைச் சூடாக்குகிறது. இழக்கும் வெப்பத்தைவிடப் பிறக்கும் வெப்பம் மிகுந்தவுடன், குச்சியை எடுத்துவிட்டாலும் நெருப்பு தானே தொடர்கிறது.

வேறு வழி திறத்தல்

டோபரைனரின் விளக்குக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. வினையூக்கி, ஒரு வினையின் இறுதிச் சமநிலையை மாற்றுவதில்லை. அதன் வேகத்தை மட்டுமே மாற்றுகிறது என்று ஆஸ்வால்ட் வரையறுத்தார். இவ்வாய்வுகளுக்காக 1909இல் அவர் நோபல் பரிசு பெற்றார். பிளாட்டினப் பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு அணுக்களாகப் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து ஆக்சிஜனோடு சேர்வதற்குரிய தடை தாழ்ந்தது. மலையின் உயரத்தை எவரும் குறைக்கவில்லை. மலையைச் சுற்றிச் செல்லும் தாழ்ந்த கணவாய் ஒன்று திறக்கப்படுகிறது. வகுப்பறையில் ‘வினையூக்கி கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது’ என்று சுருக்கமாகக் கூறுகிறோம். ‘கிளர்வு ஆற்றல் குறைந்த வேறொரு வழியைத் தருகிறது’ என்பதே திருத்தமான கூற்று.

இவ்வேறுபாடு உலக வரலாற்றையே மாற்றிய நிகழ்வு அம்மோனியா உற்பத்தி. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆனால் அதன் இரு அணுக்களைப் பிணைக்கும் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 945 கிலோஜூல் வேண்டும். வெப்பத்தை உயர்த்தித் தடையைத் தாண்டலாமே என்றால், இன்னொரு சிக்கல் குறுக்கிட்டது. அம்மோனியா உருவாகும் வினை வெப்பத்தை வெளியிடுவது. ஆகவே வெப்பநிலை ஏற ஏறச் சமநிலையில் அம்மோனியாவின் பங்கு சுருங்குகிறது. வேகத்துக்கு உயர்வெப்பம் வேண்டும். விளைச்சலுக்குத் தாழ்வெப்பம் வேண்டும். இந்த இழுபறியில் வினையூக்கி ஒன்றே வழியாக இருந்தது. ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் உயரழுத்தத்தில் ஆஸ்மியத்தைக் கொண்டு அதனைச் செய்துகாட்டினார். அலுவின் மிட்டாஷ் குழுவினர் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின், அலுமினாவும் பொட்டாஷும் கலந்த இரும்பே மலிவானதும் உகந்ததும் எனக் கண்டனர். கார்ல் போஷ் தலைமையில் 1913இல் ஓப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது.

அந்த அம்மோனியா உரமாகி வயல்களை அடைந்தது. அடுத்த ஆண்டே போர் மூண்டபோது, வெடிமருந்துக்கும் அதுவே மூலப்பொருளாயிற்று. தடையைத் தாண்டும் வழியை அறிந்தவர், அதனைத் தாண்டி எங்கே செல்வது என்பதையும் முடிவு செய்ய வேண்டியவராகிறார். அம்முடிவுக்குரிய சமன்பாட்டை எந்த வேதியியல் நூலும் தருவதில்லை.

அர்ஹீனியஸ் கூறிய தடையின் உச்சியில் மூலக்கூறு எவ்வடிவில் இருக்கும் என்ற கேள்வி அடுத்த தலைமுறையைச் சேர்ந்தது. 1931இல் ஹென்றி ஐரிங்கும் மைக்கேல் போலானியும் ஹைட்ரஜன் அணுவும் ஹைட்ரஜன் மூலக்கூறும் வினைபுரியும் ஆற்றல் நிலப்பரப்பைக் கணக்கிட்டு வரைந்தனர். பழைய பிணைப்பு முழுதும் அறுபடாமலும் புதியது முழுதும் உருவாகாமலும் இருக்கும் இடைநிலையே அந்த உச்சி என்னும் கொள்கை 1935இல் நிறைவான வடிவம் பெற்றது. மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் அந்நிலையை ஆய்ந்தமைக்காக அகமது சுவைல் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

சொல்லும் கருத்தும்

மொழி வளர்ச்சியில் ஈடுபட்டுள்ள நாம் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இக்கருத்தைக் கிளர்வு ஆற்றல் என்கின்றன; இலங்கைப் பாடநூல்கள் ஏவற்சக்தி என்கின்றன. அங்கே வினையூக்கி, இங்கே ஊக்கி. ‘ஏவல்’ என்னும்போது வெளியிலிருந்து ஒருவர் தூண்டுவது போன்ற எண்ணம் எழுகிறது. தீக்குச்சி உரசும் கை அதில் தெரிகிறது. ‘கிளர்வு’ என்னும்போது மூலக்கூறு தானே கிளர்ந்தெழும் நிலை தெரிகிறது. அர்ஹீனியஸின் எண்ணத்துக்கு அது நெருக்கமானது. இரண்டில் ஒன்றைத் தள்ளுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து விளக்கும் ஆசிரியர், இக்கட்டுரையின் இரு பாதிகளையும் இரு சொற்களில் காட்டிவிட முடியும்.

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கிய மாணவர், இடைநிலைப்பள்ளியில் வேற்று மொழியில் வேதியியலைக் கற்கிறார். சிங்கப்பூர் மாணவர் தொடக்கம் முதலே ஆங்கிலத்தில் கற்கிறார். தேர்வுக்கு வேண்டிய கலைச்சொல்லை அம்மொழிகள் தரும். அக்கருத்தை வீட்டில் பாட்டிக்கோ தம்பிக்கோ விளக்க இயலும்போதுதான் அது மாணவருக்கு உரிமையாகிறது. அதற்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும்.

நிறைவுரை

தொடங்கிய இடத்துக்கே திரும்புவோம். நம் கையிலுள்ள தாள் எரியவில்லை. ஆனால் அது மாறாமலும் இல்லை. தாளின் செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட தொடர். பழைய நாளிதழ்த் தாளில் அமிலத்தன்மை மிகுதி. அவ்வமிலமும் காற்றின் ஈரமும் சேர்ந்து அத்தொடரை அங்கங்கே துண்டிக்கின்றன. வில்ஹெல்மி குவளையில் கண்டதற்கு நெருங்கிய உறவுடைய வினையே நூலக அடுக்கிலும் நடக்கிறது. அதன் விளைவாகத் தாள் நொறுங்குகிறது, ஆக்சிஜனேற்றத்தால் பழுப்பேறுகிறது.

இவ்வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 100 கிலோஜூல். அப்படியானால் 30 பாகை வெப்பமுள்ள அறையில் இருக்கும் தாள், 20 பாகை அறையில் இருப்பதைவிட மூன்று முதல் நான்கு மடங்கு விரைவாக நலிகிறது. ஆவணக் காப்பகங்கள் அறையைக் குளிர்வித்து வைப்பதன் காரணம் இதுவே. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு போன்ற நாளேடுகளும், இம்மண்ணில் அச்சேறிய சிறு நூல்களும் இதழ்களும் நம் வீட்டு அலமாரிகளிலும் சங்கக் கட்டடங்களிலும் எஞ்சியிருக்கலாம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் காலநிலையில் அவை ஒவ்வொரு நாளும் அந்தத் தடையைச் சிறிது சிறிதாகக் கடந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். வீட்டில் உள்ள பழைய தமிழ் அச்சுப் படி ஒன்றைத் தேடி எடுங்கள். அதன் பெயர், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் படாத, குளிர்ந்த, உலர்ந்த இடத்துக்கு அதனை மாற்றுங்கள். தாள் இன்னும் திறக்கும் நிலையில் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். அதன்பின் வகுப்பில் அர்ஹீனியஸ் சமன்பாட்டை எழுதும்போது, அந்த நூலுக்கு எத்தனை ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தன என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.